மாமன் படம் போட்ட பிளக்ஸ்

உத்தமபாளையத்தில் அன்று காலையிலிருந்தே சாரல். தாலுகா ஆபீஸ் முழுக்க நனைந்த குடைகளின் வாடை. பட்டா மாறுதலுக்காக என் மேசைக்கு முன்னால் நின்ற வரிசையில் ஒருவர் மட்டும், தன் முறை வரும்போதெல்லாம் பின்னால் நிற்பவரை முன்னே விட்டுக்கொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, கட்டம் போட்ட சட்டை, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் ஏலக்காய் என்பது வாசத்திலேயே தெரிந்தது.

கிளார்க் மேசைக்கு ஏலக்காயோடு வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. வாங்கினாலும் வம்பு, வாங்காவிட்டாலும் வம்பு. வரிசை காலியானதும், "என்ன மனு?" என்றேன் கடுப்பாக.

"மனு ஒண்ணும் இல்ல சேச்சி. எம் பேரு தங்கச்சன். மலைக்கு மேல, கேரளா வண்டன்மேட்டுல இருந்து வர்றேன்." அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சுருளி சார்கூட அந்தக் கெட்டிடத்துக்குள்ள இருந்த ஆளு."

சுருளி என் தம்பி. அவனை அடக்கம் செய்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பத்திரிகையில் எழுதிவரும் இந்தத் தொடரில், இந்த அத்தியாயத்தை மட்டும் இத்தனை வாரமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். ரேஷன் கடைச் சண்டையை எழுதினேன், குமுளி மலைப்பாதையில் பஸ் நின்றுபோன கதையை எழுதினேன். இனித் தள்ள இடமில்லை.

கோட்டு போட்ட மாப்பிள்ளை

முழுப்பெயர் சுருளிவேல். எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு சுருளி உண்டு. சுருளி அருவிக்குப் போய் நேர்ந்துகொண்டு வைக்கிற பெயர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, அவனுக்கு நான், எனக்கு அவன் என்று ஆகிவிட்டது.

படிப்பில் கெட்டிக்காரன். பரீட்சை எழுதி, தோற்று, மறுபடி எழுதி, வெளிநாட்டுத் தூதரகங்களில் வேலை பார்க்கும் அதிகாரியாகிவிட்டான். அவன் தேறிய செய்தி வந்த அன்று நான் அழுதேன். என் வீட்டுக்காரரோ பிளக்ஸ் கடைக்கு ஓடினார்.

அவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறார். இலையைத் திருப்பிப் பார்த்தே என்ன நோய் என்று சொல்லிவிடுவார். மற்றபடி சூதுவாது தெரியாத மனிதர். அவருக்கு உள்ள ஒரே கெட்ட பழக்கம் பிளக்ஸ் போர்டு.

எங்கள் பள்ளத்தாக்கில் பிறந்தாலும் இறந்தாலும் முதல் ஆளாகத் தெரிந்துகொள்வது பிளக்ஸ் கடைக்காரர்தான். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி எல்லாவற்றுக்கும் போர்டு. என் வீட்டுக்காரர் எங்கள் போர்வெல்லில் தண்ணீர் வந்ததற்கே ஒரு போர்டு வைக்கலாமா என்று யோசித்தவர். "ஊருக்குத் தெரியாத சந்தோசம் என்ன சந்தோசம்?" என்பார்.

முதல் வேலைக்குப் போன இடத்திலிருந்து சுருளி ஒரு படம் அனுப்பினான். கறுப்புக் கோட்டு, டை. பக்கத்தில் அந்தத் தூதரகத்தின் தூதர், பின்னால் நம் தேசியக்கொடி. கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தான். கல்யாணம்தான் ஆகவில்லை. "அக்கா, மாமாகிட்ட சொல்லிவையி, இத எங்கயும் போர்டு வைக்கக் கூடாது" என்று போனில் சிரித்தான். அதற்குள் கம்பம் பஸ் ஸ்டாண்டில் வைத்தாகிவிட்டது.

சனிக்கிழமைதோறும் போன் செய்வான். என்னிடம் பேசுவது கொஞ்சம், என் மகள் தர்ஷினியிடம் பேசுவதுதான் அதிகம். அங்கே பனி எப்படி விழுகிறது, ரொட்டியை எப்படிச் சுடுகிறார்கள் என்றெல்லாம் அவளுக்குச் சொல்வான். "மாமா, எப்ப வருவீக?" என்று அவள் கேட்டால், "நீ பெரிய மனுசியானா மறுநாள் வந்து நிப்பேன்ல, குச்சு கட்டுறதுக்கு" என்று சீண்டுவான். அவள் வெட்கப்பட்டுப் போனை என்னிடம் எறிந்துவிட்டு ஓடுவாள்.

கவனத்தில் உள்ளது

அவன் வேலை பார்த்த நாட்டின் பெயரை எழுதப்போவதில்லை. அது என் வாயில் வராது, பேனாவிலும் வராது.

அங்கே ஆட்சியைக் கவிழ்த்தார்கள். பிடிபட்ட தங்கள் தலைவரை விடுவிக்கச் சொல்லி, துப்பாக்கிக்காரக் கும்பல் ஒன்று நம் தூதரகத்துக்குள் புகுந்து, உள்ளே இருந்த அத்தனை பேரையும் பிடித்து வைத்துக்கொண்டது. நம் அரசாங்கம் அந்த ஊர்ப் புது அரசாங்கத்தை நெருக்கினால் தலைவர் வெளியே வருவார் என்பது அவர்கள் கணக்கு. எங்கோ யாரோ போட்ட சண்டையில் சுருளிப்பட்டிக்காரன் மாட்டிக்கொண்டான்.

டெல்லியிலிருந்து ஒரு பெண் அதிகாரி பேசினார். சென்னைத் தமிழ். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "எல்லாம் மேலிடத்தின் கவனத்தில் உள்ளதும்மா" என்றார்.

அந்த வாக்கியத்தைத் தினமும் எழுதுகிறவள் நான். எந்த மனுவுக்கு என்ன செய்வது என்று தெரியவில்லையோ, அந்த மனுவுக்கு எழுதுகிற பதில் அது.

கடைசியாக அவர் சொன்னார்: "பத்திரிகை, டிவி, யார் வந்தாலும் பேசாதீங்க. அவர் என்ன வேலைன்னு சொல்லாதீங்க. போட்டோ குடுக்காதீங்க." ஏன் என்று கேட்டேன். "போன்ல சொல்ல முடியாதும்மா" என்றார்.

வீட்டுக்காரரிடம் அப்படியே சொன்னேன். தலையை ஆட்டினார். மறுநாளே தேனியிலிருந்து வந்த நிருபரை வாசலிலேயே நிறுத்தி, "பேசக் கூடாதுன்னுட்டாக தம்பி" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை.

காய்ந்த ஓலை

அந்த நாட்களில்தான் தர்ஷினி பெரியவள் ஆனாள்.

எங்கள் பக்கம் பெண் உட்கார்ந்ததும் பச்சை ஓலை வெட்டிவந்து, அவள் இருக்கக் குச்சு என்கிற சின்னக் குடிசை கட்ட வேண்டியவன் தாய்மாமன். தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாளில் சீர் கொண்டுவந்து முதல் மாலை போடுகிறவனும் அவன்தான். மற்ற யார் வந்தாலும் வராவிட்டாலும் அவன் வந்தாக வேண்டும்.

வீட்டுக்காரர் தென்னை ஓலையை வெட்டிவந்து முற்றத்தில் போட்டார். அதை யாரும் தொடவில்லை. தர்ஷினி உள் அறையில் பாய் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

என் நாத்தனார் பக்குவமாகத்தான் கேட்டார். "ஆத்தா, மாமன் மொறைக்கு ஒங்க பெரியப்பா மகன் இருக்காகள்ல? அவுக வந்து நின்னா என்ன? ஓலை காயுதுல்ல?"

"எந் தம்பி இருக்கான்ல" என்று கத்திவிட்டேன். "இருக்கிறவன் எடத்துல இன்னொருத்தர எதுக்கு நிறுத்தணும்?"

நாத்தனார் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எல்லோர் மனதிலும் இருந்ததை நானே போட்டு உடைத்ததுபோல் ஆயிற்று. இன்னொருவரை நிறுத்தினால் அவனை இல்லை என்று நாங்களே முடிவு செய்த மாதிரி. அதற்கு நான் தயாராக இல்லை.

தர்ஷினி உள்ளேயிருந்து, "எனக்கு எதுவும் வேணாம்மா. மாமா வரட்டும்" என்றாள்.

ஓலை காய்ந்துகொண்டே கிடந்தது. உறவுக்காரர்கள் வந்து அதைப் பார்ப்பார்கள், என்னைப் பார்ப்பார்கள், புட்டு மாவைக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

ஒரு நாள் மத்தியானம் தோட்டத்திலிருந்து வந்த வீட்டுக்காரர் என்னருகில் உட்கார்ந்தார். "யாரும் நிக்க வேணாம். மாப்ளையே நிப்பான்" என்றார். சுருளியை அவர் கூப்பிடுவது மாப்ளை என்றுதான். அவனே எப்படி நிற்பான் என்று எனக்குப் புரியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கம்பத்துக்குப் போய்விட்டார்.

வருக வருக

மறுநாள் ஆபீஸிலிருந்து வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால், எங்கள் தெருமுனையில் சுருளி நிற்கிறான். கறுப்புக் கோட்டு, டை, பக்கத்தில் தூதர், பின்னால் கொடி. ஆள் உயரத்துக்கும் மேலே. கீழே ஓரத்தில் பாவாடை தாவணியில் தர்ஷினி. 'பூப்புனித நீராட்டு விழாவுக்கு வருகை தரும் தாய்மாமன், இந்தியத் தூதரக அதிகாரி சுருளிவேல் அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்.'

நான் கோபப்பட்டிருக்க வேண்டும் என்று இன்றைக்கு யாராவது சொல்லலாம். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. பையை வைத்துவிட்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். வந்துவிட்டான் என்றே இருந்தது.

வீட்டில் ஒரு பேச்சுக்குக் கேட்டேன். "டெல்லியில இருந்து போட்டோ குடுக்கக் கூடாதுன்னாகளே?"

"அது பேப்பருக்கு, டிவிக்கு" என்றார். "போர்டு என்ன பேப்பரா? இது நம்ம வீட்டு விசேசம். மாமன் படம் இல்லாம சடங்கு போர்டு எங்கனயாச்சும் உண்டா?"

எனக்கும் அது சரி என்றே பட்டது. எங்கள் ஊரில் யாரிடம் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

சடங்கு அன்று போர்டை எங்கள் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, படத்துக்குக் கீழே உட்காரவைத்துத்தான் தர்ஷினிக்குத் தண்ணீர் ஊற்றினோம். காய்ந்த ஓலையிலேயே குச்சு கட்டினோம். முதல் மாலையைப் போர்டில் சுருளியின் கைமேல் சாற்றி எடுத்து, அவள் கழுத்தில் நானே போட்டேன். பெண்கள் குலவை போட வாயெடுத்து, பாதியில் அழுதுவிட்டார்கள். அதுவரைக்கும் ஊர் எங்கள் வீட்டில் அழுததில்லை.

யாரோ அதைப் போனில் எடுத்துப் போட, ஒரு டிவிக்காரர் வந்துவிட்டார். வீட்டுக்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. வாய்மேல் கையை வைத்துக் காட்டினார். போர்டைப் படம் எடுக்கலாமா என்று கேட்டதற்கு மட்டும், தெருவில் இருப்பதை எடுக்க எதற்கு அனுமதி என்பதுபோல் ஒதுங்கிக்கொண்டார்.

சாயங்காலம் எல்லாச் சேனலிலும் சுருளி நின்றான். இங்கிலீஷ் சேனல்களில் கீழே அவன் பெயரும் பதவியும் ஓடின. டெல்லிப் பெண் அதிகாரி பேசினார். "அந்த போர்டை உடனே எடுத்துடுங்கம்மா" என்றவர், மேலே பேச முடியாமல் வைத்துவிட்டார்.

எடுத்துவிட்டோம்.

கொஞ்ச நாளில் அந்தக் கும்பல் வேலைக்காரர்களை மட்டும் வெளியே விட்டது. சமையல்காரர், டிரைவர், தோட்டக்காரர் எல்லாம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடந்து வருவதை டிவியில் பார்த்தோம். அதில் அவன் இருக்கமாட்டான் என்று தெரிந்தும் ஒவ்வொரு முகமாகத் தேடினேன். அப்புறம் ராணுவம் உள்ளே புகுந்தது. பிழைத்தவர்கள் உண்டு. என் தம்பி அவர்களில் இல்லை.

மதுரை விமான நிலையத்தில் கொடி போர்த்திய பெட்டியைத் தந்தார்கள். பெரிய பெரிய ஆட்கள் வந்தார்கள், மாலை வைத்தார்கள். அதை எழுத எனக்கு மனமில்லை.

தங்கச்சன் சொன்னது

தாலுகா ஆபீஸுக்கு எதிரே டீக்கடையில் உட்கார்ந்தோம். தங்கச்சன் டீயைத் தொடவில்லை.

"தூதரகத்துல நான் சமையல்காரன். அவங்க உள்ள வந்தப்ப சார் என்கூட அடுக்களையில நின்னாரு. தமிழ் பேசறதுக்குன்னே சுக்குக் காப்பி கேட்டு வருவாரு சேச்சி. வெடிச்சத்தம் கேட்டதும் என்னோட சமையல் ஏப்ரனத் தூக்கி அவரு கழுத்துல மாட்டினேன். கோட்ட அரிசிச் சாக்குக்குள்ள திணிச்சேன்."

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சாரும் அடுக்களை ஆளுன்னு அவங்க நம்பிட்டாங்க. ஆபீசர்மார மேல அடைச்சாங்க. எங்கள அடுக்களையிலேயே விட்டாங்க, சோறு பொங்கணுமே. சாருக்கு ஒரு பணியும் தெரியாது. வெங்காயத்த வெறகு மாதிரி வெட்டுவாரு. பேசினா பிடிபடுவாருன்னு ஊமைன்னு சொல்லிவச்சேன். அவங்க போனதும் என்கிட்ட சேச்சியப் பத்தி, மோளப் பத்தி, அளியனப் பத்தி நிறுத்தாம பேசுவாரு. அளியன் போர்டு வைக்கிற கதையச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

மோள் என்றால் மலையாளத்தில் மகள்; அளியன் என்றால் மச்சான். என் வீட்டுக்காரர்.

"வேலைக்காரங்கள வெள்ளிக்கிழம விடறோம்னு சொல்லிட்டாங்க. சாரும் எங்ககூட வரவேண்டியது." அவர் நிறுத்தினார். "அதுக்கு முன்னால ஒரு பையன் போனோட வந்தான். அந்தப் போனச் சாரோட முகத்துக்குப் பக்கத்துல பிடிச்சு, அதுல இருந்த படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பாத்தான்."

மேலே கேட்க வேண்டியதில்லை. டெல்லிப் பெண் போனில் சொல்ல முடியாது என்றது அவன் வேலைக்காரனாக ஒளிந்திருந்ததைத்தான். வெங்காயம் வெட்டிக்கொண்டே என் தம்பி வீட்டுக்கு வந்துகொண்டிருந்திருக்கிறான். நாங்கள் வருக வருக என்று போர்டு வைத்திருக்கிறோம்.

"சேச்சி, இதக் கேளுங்க" என்று தங்கச்சன் அவசரமாகச் சொன்னார். "சார் பயந்து நான் பாக்கல. போன வாங்கிப் பாத்துட்டுச் சிரிச்சாரு. 'தங்கச்சா, எங்கக்கா மக பெரிய மனுசியாயிட்டாடா. என்னமா நிக்கிறா பாரு'ன்னாரு. பையன் போனப் பிடுங்கினான். அவன்கிட்டக் கையேந்தி, இன்னொரு தடவ காட்டச் சொல்லிக் கேட்டாரு. என்ன நெனச்சானோ, காட்டினான். ரெண்டாவது தடவையும் பாத்தாரு. அப்புறம் ஏப்ரனக் கழட்டி என்கிட்டத் தந்துட்டு அவன்கூட மாடிக்குப் போனாரு."

நான் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எல்லோரும் பார்க்க அழுதேன். அழுது முடித்ததும் முதலில் நினைவுக்கு வந்தவர் வீட்டுக்காரர்தான்.

"அவுகளுக்குத் தெரிய வேணாம்" என்றேன். "போனு எதுக்கு வந்துச்சுன்னு சொல்லிராதீக. மனுசன் தாங்க மாட்டாக."

"அதுக்காகத்தானே வீட்டுக்குப் போகாம ஆபீஸுக்கு வந்தேன்" என்றார் தங்கச்சன்.

கடல் தாண்டிய போர்டு

அன்று மத்தியானம் தங்கச்சனை வீட்டில் சாப்பிட வைத்தோம். வீட்டுக்காரரே பரிமாறினார். பரிமாறிக்கொண்டே, "எங்களப் பத்தி ஏதாச்சும் பேசுவானா?" என்று கேட்டார்.

தங்கச்சன் என்னைப் பார்த்துவிட்டு, பாதியை மட்டும் சொன்னார். யாரோ போனில் மோள் சடங்குப் படத்தைக் காட்டினார்கள், சார் பார்த்தார், சந்தோஷப்பட்டார், மறுபடி கேட்டு வாங்கிப் பார்த்தார்.

வீட்டுக்காரர் கையில் கரண்டியோடு அப்படியே நின்றார். "பாத்தானா! நம்ம போர்டு அங்கன வரைக்கும் போயிருச்சா!" என்றார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. "தர்ஷினி, மாமா பாத்துட்டானாம்த்தா!"

அதற்குப் பிறகு தோட்டத்துக்கு வந்த திராட்சை வியாபாரியிடம் சொன்னார், உரக்கடையில் சொன்னார், லாரி டிரைவரிடம் சொன்னார். "மாப்ள பாத்துட்டுத்தான்யா போனான். கடல் தாண்டிப் போயிருச்சுல்ல நம்ம போர்டு." ஒவ்வொரு தடவையும் நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். நிறுத்தச் சொல்ல எனக்கு என்ன வழி இருந்தது?

திடீரென்று ஒரு நாள் அவரே நிறுத்திவிட்டார். சாயங்காலம் தோட்டத்திலிருந்து வந்து, முதுகில் இருந்த மருந்து டேங்கை இறக்கி வைத்தார். சோப்புப் போட்டுக் கையை ரொம்ப நேரம் கழுவினார். என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"அந்தப் போனு யாரோடது?"

"தெரியலங்க" என்றேன்.

"ம்" என்றார்.

அவ்வளவுதான். அப்புறம் போர்டைப் பற்றிப் பேசியதே இல்லை. அவருடைய அக்கா மகன் கல்யாணப் போர்டுக்குப் படம் கேட்டு வந்தவர்களிடம், "எம் படம் போட வேணாம்யா" என்று சொல்லிவிட்டார். நாலு வருஷமாக இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை. அவருக்கு எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. அந்த மௌனத்தோடுதான் சாப்பிட்டோம், தூங்கினோம், மகளைப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் சேர்த்தோம்.

அனுப்புவதற்கு முன்

இந்தத் தொடரில் எதை எழுதினாலும் முதலில் அவருக்குத்தான் படித்துக் காட்டுவேன். "அது நா சொன்னதில்ல" என்று அடிக்கடி வம்பு செய்வார். இந்த அத்தியாயத்தை அவருக்குத் தெரியாமல் அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். பத்திரிகை வெளிவந்தால் ஊரே வந்து சொல்லிவிடும். அதைவிட என் வாயால் கேட்பது மேல் என்று, நேற்று மத்தியானம் தோட்டத்துக்குப் போனேன். பந்தல் நிழலில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படித்தேன்.

ஏப்ரன் இடம் வந்தபோது நிறுத்திவிட்டேன். அவர் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். "படி" என்றார். படித்தேன்.

முடித்துவிட்டுப் பேப்பர்களைக் கீழே வைத்தேன். அவர் திட்டினாலும் பரவாயில்லை, அழுதாலும் பரவாயில்லை என்றிருந்தது.

"தெரியும்த்தா" என்றார். "போனு யாரோடதுன்னு கேட்டேன்ல, அன்னிக்கே தெரியும். ஒனக்கும் தெரியும்னு எனக்குத் தெரியும்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் அதை விலக்கவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லு. ரெண்டாந்தடவ கேட்டு வாங்கிப் பாத்தான்னு எழுதியிருக்கியே, அது நெசமா? நீ எனக்காகச் சேத்ததா?"

"தங்கச்சன் சொன்னதுதாங்க."

"அவரு நம்மளுக்காகச் சேத்திருந்தா?"

இத்தனை வருஷத்தில் எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. தங்கச்சன் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் அதையும் செய்யக்கூடியவர்கள்தான்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பேப்பர்களை அடுக்கி என் கையில் கொடுத்தார்.

"சரி, விடு. அவருக்குப் போன் போட்டுக் கேட்டுறாத" என்றார். "ரெண்டுவாட்டி பாத்தான்னே இருக்கட்டும்."